வந்த கடிதமும் போன கடிதமும்

செப்டம்பர் 16, 2024, திங்கள்

நூலகம் என்று பெயரே தவிர, உள்ளே இருப்பவை பெரும்பாலும் கடிதங்கள். மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊரில், 24ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி முன்னாள் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனின் நூலகம் இருக்கிறது. முன்கூடத்துச் சுவரில் தாமஸ் ஹார்ட் பென்டன் தீட்டிய பெரிய சுவரோவியம். அதன் முன் சற்று நின்றுவிட்டு ஆய்வறைக்குப் போனேன். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். பையை வெளியே பூட்டி வைக்க வேண்டும். மேசைக்கு ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கோப்பு. தாள்களின் வரிசை மாறக் கூடாது.

இந்த வரிசைதான் முக்கியம் என்று காப்பாளர் பொறுமையாக விளக்கினார். வெள்ளை மாளிகையில் வந்து குவிந்த தபாலை எழுத்தர்கள் அலுவல் கோப்பு, அதிபரின் தனிக் கோப்பு, பொதுக் கோப்பு என்று பிரித்திருக்கிறார்கள். இவை தவிர, அவருடைய செயலாளர் ரோஸ் கான்வே தன் பொறுப்பில் வைத்திருந்த அலமாரிகள் தனி. மிக அந்தரங்கமானவை அங்கே போயின. ட்ரூமன் 1972 டிசம்பரில் இறக்கும்வரை அவற்றை ஆய்வாளர்கள் தொட முடியவில்லை.

கோப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது இதுதான்: வந்த கடிதம் அசல், போன கடிதம் கார்பன் நகல். அனுப்பிய அசல் யாருக்குப் போனதோ அவருடைய வீட்டிலோ, அவர் ஊர்ப் பல்கலைக்கழகத்திலோ இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் படிக்கும் வாய்ப்பு இப்படிப்பட்ட கோப்பில்தான் கிடைக்கிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறேன். 1978இல் சட்டம் வரும்வரை அமெரிக்க அதிபரின் கடிதங்கள் அவருடைய சொந்தச் சொத்து. எரிக்கலாம், விற்கலாம், கேட்பாரில்லை. மில்லார்ட் ஃபில்மோரின் மகன் தன் தந்தையின் தாள்களை எரித்துவிடும்படி உயிலே எழுதிவைத்தார். ட்ரூமனோ நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்பி, 1957 ஜூலை 6 அன்று அதை அரசிடம் ஒப்படைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் இதே கட்டடத்தில் ஓர் அறையை அலுவலகமாக வைத்துக்கொண்டு காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. ஆனாலும் இந்தச் செயலைப் பெரிதாகவே மதிக்கிறேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எந்தக் கடிதங்களுக்காக வந்தேனோ அவை இன்று கிடைத்தன.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா. மறுநாள் ஜார்ஜியா மாநில செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் அதிபருக்கு நீண்ட தந்தி ஒன்று அனுப்புகிறார். ஜப்பானைக் கெஞ்சியது போதும், அவர்களாகவே மண்டியிட்டு நிபந்தனையற்ற சரணடைதலைக் கேட்கும்வரை அடிக்க வேண்டும், அணுகுண்டு போதாவிட்டால் புதியவை தயாராகும்வரை சாதாரண வெடிகுண்டும் தீக்குண்டும் கொண்டு தொடர வேண்டும் என்பது அதன் சாரம். ரஸ்ஸல் சாதாரண ஆளல்லர், செனட்டில் தென் மாநிலக் குழுவின் தூண். ட்ரூமனும் செனட்டிலிருந்து வந்தவர்தான். அந்தப் பழக்கத்தில் ஆகஸ்ட் 9 அன்று ‘டிக்’ என்று செல்லப்பெயரில் விளித்துப் பதில் எழுதுகிறார்.

பதிலின் கருத்து இது. ஜப்பான் போரில் கொடூரமாக நடந்துகொள்ளும் நாடுதான். ஆனால் அவர்கள் மிருகங்கள் என்பதற்காக நாமும் அப்படியே நடக்க வேண்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. தலைவர்களின் பிடிவாதத்துக்காக மக்கள்கூட்டத்தையே துடைத்தெறிய வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். மிக அவசியமென்றால் ஒழிய அதைச் செய்யப்போவதில்லை. ரஷ்யர்கள் போரில் இறங்கியதும் ஜப்பான் சீக்கிரம் விழுந்துவிடும் என்பது என் கருத்து. அமெரிக்க உயிர்களைக் காப்பதே என் நோக்கம், என்றாலும் ஜப்பானியப் பெண்கள், குழந்தைகள்மீது எனக்கு இரக்கம் உண்டு.

இதை எழுதும்போது நாகசாகியும் எரிந்து முடிந்துவிட்டது. அங்கே குண்டு விழுந்தது ஜப்பான் நேரப்படி ஆகஸ்ட் 9, முற்பகல் 11.02. வாஷிங்டனில் அது ஆகஸ்ட் 8 இரவு. ஆகஸ்ட் 9 என்ற தேதியைத் தாளின் மேலே பார்த்ததும் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அடுத்தது, சாமுவேல் மக்ரே கேவர்ட் அனுப்பிய தந்தி. அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பான ஃபெடரல் கவுன்சிலின் பொதுச்செயலாளர் அவர். அதுவும் ஆகஸ்ட் 9 தேதியிட்டது. பாகுபாடின்றி அழிக்கும் இந்தக் குண்டு மனிதகுலத்தின் எதிர்காலத்துக்கு மிக ஆபத்தான முன்னுதாரணம், இன்னொன்று போடுமுன் ஜப்பானுக்கு யோசிக்க அவகாசம் கொடுங்கள் என்று கேட்கிறார். கவுன்சிலின் சார்பில் அறிக்கை தயாரிப்பவர்களில் ஒருவராக ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் பெயரும் தந்தியில் வருகிறது. ஐசனோவர் காலத்தில், எதிரி தாக்கினால் அணு ஆயுதத்தால் பதிலடி என்று உலகத்தை மிரட்டிய அதே வெளியுறவு அமைச்சர் டல்லஸ்!

கேவர்ட்டுக்கு ஆகஸ்ட் 11 அன்று பதில் போகிறது. அணுகுண்டைப் பயன்படுத்தியதில் என்னைவிடக் கலங்கியவர் எவருமில்லை என்று தொடங்குகிறார் ட்ரூமன். ஆனால் பெர்ல் ஹார்பரும், போர்க் கைதிகளைக் கொன்றதும் என்னை மிகவும் கலக்கின. அவர்களுக்குப் புரிவது நம் குண்டுவீச்சு ஒன்றே. மிருகத்தோடு மோதும்போது அதை மிருகமாகத்தான் நடத்த வேண்டும், வருந்தத்தக்கது, ஆனாலும் உண்மை. இவ்வளவுதான் பதில்.

இடையே இரண்டு நாள். ஒரே மனிதர், ஒரே கையெழுத்து.

அரசியல்வாதி ஆளுக்கேற்றபடி பேசினார் என்று சொல்லி நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். வந்த தந்திகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. ஆளுக்கேற்றபடி பேசுபவர் ரஸ்ஸலிடம் வீரம் பேசியிருப்பார், பாதிரியாரிடம் இரக்கம் பேசியிருப்பார். இவர் செய்தது நேர்மாறு. இன்னும் அடி என்றவரிடம் இரக்கத்தைக் காட்டுகிறார், நிறுத்து என்றவரிடம் கடுமையைக் காட்டுகிறார். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் அந்தப் பக்கத்துக்கு எதிராகத் திமிறும் மனம். தனக்குள் இரண்டு வழக்கறிஞர்களும் வாதாடிக்கொண்டிருக்க, எதிரே யார் வந்தாலும் மற்றவரை முன்னால் அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பதிலை மட்டும் படித்தால் இது தெரியாது.

செப்டம்பர் 18, புதன்

இன்று ஆய்வறைக்குப் போகவில்லை. ஓவர்லாண்ட் பார்க்கில் தங்கை வீட்டில் குறிப்புகளைச் சரிபார்த்தேன்.

மாலையில் தங்கை மகன் ஆதி பள்ளியிலிருந்து வந்தான். பதினோராம் வகுப்பு. அணுகுண்டு முடிவு சரியா தவறா என்று வரலாற்று ஆசிரியர் கட்டுரை கேட்டிருக்கிறார். ரஸ்ஸலுக்கு எழுதிய கடிதத்தை மேற்கோள் காட்டி, ட்ரூமன் இரக்கமுள்ளவர் என்று நிறுவியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். கேவர்ட்டுக்குப் போன பதிலை எடுத்துக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“பெரியம்மா, அப்போ எது உண்மை?”

“ரெண்டுமே அவர் கையெழுத்துப் போட்டதுதான்டா.”

“ரெண்டையும் போட்டா என் கட்டுரை நிக்காதே.”

உள்ளிருந்து தங்கை, “அக்கா, வெள்ளிக்கிழமை அவன் கொடுத்தாகணும். குழப்பிவிடாதே” என்றாள். குழப்புவது என் எண்ணமில்லை. ஆனால் ஒன்றை மறைத்து நிற்கும் கட்டுரை அவனுக்கு வேண்டாம் என்றேன்.

பிறகு இன்னொரு சாட்சியையும் சொன்னேன். ஆகஸ்ட் 10 அன்று நடந்த அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றி வணிக அமைச்சர் ஹென்றி வாலஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அணுகுண்டு வீச்சை நிறுத்த உத்தரவிட்டுவிட்டதாக ட்ரூமன் சொன்னார் என்று அதில் பதிவாகியிருக்கிறது. இன்னும் ஓர் இலட்சம் பேரை அழிப்பதை எண்ணிப்பார்க்கவே முடியவில்லை என்றும், குழந்தைகளைக் கொல்வது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் அவர் சொன்னாராம். அதற்கு மறுநாள்தான் மிருகக் கடிதம் போகிறது! கையை நிறுத்திவிட்டு, நிறுத்தச் சொன்னவரிடம் முறைத்திருக்கிறார்.

ஆதி நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். விளக்கு வெகுநேரம் எரிந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று முழுவதும் இனப் பிரச்சினை குறித்த கடிதங்கள்.

ட்ரூமன் பிறந்து வளர்ந்த சூழலைத் தெரிந்துகொள்ளாமல் இவற்றைப் படிக்க முடியாது. தாய் மார்த்தா எல்லன் உள்நாட்டுப் போரில் தென் தரப்பு வீட்டுப் பெண். வடக்குப் படை 1863இல் அந்த வட்டாரத்து மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றியதைக் கடைசிவரை மறக்காதவர், லிங்கனின் பெயரே பிடிக்காதவர். மகன் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார். 1911 ஜூன் 22 அன்று, பின்னாளில் மனைவியான பெஸ் வாலஸுக்கு எழுதிய கடிதத்தில், நேர்மையும் ஒழுக்கமும் இருந்தால் எல்லா மனிதரும் சமம் என்று சொல்லிவிட்டு, கறுப்பரையும் சீனரையும் இழிசொல்லால் அந்தக் கணக்கிலிருந்து விலக்குகிறார். அதே கடிதத்தில்தான் பெஸ்ஸிடம் தன்னை மணந்துகொள்ளக் கேட்கிறார். இளைஞனின் காதலும் இனவெறுப்பும் ஒரே உறையில் போயிருக்கின்றன. படிக்கக் கசப்பாக இருந்தது.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1947 ஜூன் 28 தேதியிட்டு, தங்கை மேரி ஜேனுக்கு ஒரு கடிதம். மறுநாள் லிங்கன் நினைவிடத்தில், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. கூட்டத்தில் அவர் பேச வேண்டும். லிங்கனை மேற்கோள் காட்டி முடிக்கிறேன், அம்மாவுக்குப் பிடிக்காது, ஆனால் சொல்வதை நான் நம்புகிறேன் என்று எழுதுகிறார். அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் உரையாற்றிய முதல் அதிபர் அவர்தான். தாய் அடுத்த மாதமே, ஜூலை 26 அன்று இறந்துபோனார்.

இன்று நான் மிகவும் தேடியது 1948 ஆகஸ்ட் 18 தேதியிட்ட கடிதம். கான்சஸ் சிட்டியின் பழைய நண்பர் ஒருவர், தேர்தல் நெருங்குகிறது, தென் மாநிலங்கள் தங்கள் விஷயத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறார். எதிரி சொன்னதில்லை, நலம்விரும்பி சொன்னது. மூன்று வாரங்களுக்கு முன், ஜூலை 26 அன்றுதான், இராணுவத்தில் சமநடத்தைக்கான 9981ஆம் எண் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டிருந்தார். தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் பிரிந்துபோய் ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக நிறுத்திவிட்டார்கள். தோற்றுவிடுவார் என்றுதான் ஏறக்குறைய எல்லாரும் நினைத்தார்கள்.

பதிலில் நண்பருக்குச் சலுகையே இல்லை. குடிமை உரிமைகளுக்கான குழுவின் அறிக்கையை அனுப்புகிறேன், அதைப் படித்த பிறகும் உங்களுக்கு அந்த அடிமைக்காலத்துப் பார்வைதான் என்றால் உங்களைப் பற்றி மிகவும் ஏமாற்றமடைவேன் என்கிறார். தென் மாநிலங்கள் காலத்துக்கு எண்பது ஆண்டுகள் பின்னால் வாழ்கின்றன என்கிறார். பிறகு வழக்குகளை அடுக்குகிறார். நான்கு பேரை இழுத்துப்போய்ச் சுட்டது கும்பல், சுட்டவர்கள் யார் என்று ஊருக்கே தெரிந்தும் நடவடிக்கை இல்லை. அது 1946 ஜூலையில் ஜார்ஜியாவின் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு தம்பதிகள் கொல்லப்பட்ட நிகழ்ச்சி. சீருடையிலிருந்த கறுப்பினச் சார்ஜெண்ட் ஒருவரைப் பேருந்திலிருந்து இறக்கி அடித்து ஒரு கண்ணைக் குருடாக்கினார்கள் என்கிறார் அடுத்து. அவர் ஐசக் வுட்டர்ட். 1946 பிப்ரவரியில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்றே, தென் கரோலினாவில் நடந்தது. உண்மையில் அவர் இழந்தது இரண்டு கண்களையும். அடித்த காவல் தலைவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் விடுதலை செய்தது.

சமூகச் சமத்துவத்தை நான் கேட்கவில்லை, வாய்ப்பில் சமத்துவம் கேட்கிறேன் என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த வரியை விட்டுவிட்டுத்தான் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். விடக் கூடாது. அவர் எதுவரை வந்தார், எங்கே நின்றுவிட்டார் என்பதற்கு அந்த வரிதான் எல்லைக்கல். கடைசியில், இதனால் தோற்றால் அந்தத் தோல்வி ஒரு நல்ல காரியத்துக்காக இருக்கட்டும் என்று முடிக்கிறார்.

மேடையில் கைதட்டலுக்காகச் சொன்னதென்றால் எனக்கு இவ்வளவு மதிப்பு வந்திராது. ஓட்டுப் போடும் பழைய நண்பனுக்கு, நான்கு சுவருக்குள், அவன் முகம் வாடும் என்று தெரிந்தே எழுதியது. அந்த நவம்பரில் தர்மண்ட் நான்கு மாநிலங்களை வென்று, மொத்தம் 39 தேர்வாளர் வாக்குகளைக் கொண்டுபோனார். ட்ரூமன் 303 பெற்று வென்றார்.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்றைய மகிழ்ச்சியைக் குறைக்கும் கோப்பு இன்று. 1960இல் கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் அமர்ந்து மறியல் செய்தபோது, அதன் பின்னணியில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று ஓய்விலிருந்த ட்ரூமன் பேசினார். அந்த ஜூன் 27 அன்று அவருடைய பழைய வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன் கடிதம் எழுதுகிறார். கட்சி மாநாடு வருகிறது, என்னென்ன பேசக் கூடாது என்று நாம் ஓர் உடன்பாடு செய்துகொள்வோம் என்று பட்டியல் போடுகிறார். மறியலைக் கம்யூனிஸ்டுகள் தூண்டியதாகச் சொல்லாதீர்கள், சான்று அதற்கு எதிராகத்தான் இருக்கிறது என்பதும் அதில் ஒன்று.

தனக்குக் கீழே பணியாற்றியவர் இப்படிக் கண்டித்து எழுதிய கடிதம் பத்திரமாக இருக்கிறது, நட்பும் கடைசிவரை இருந்தது. 1948இல் நண்பரிடம் நிமிர்ந்து நின்றவருக்கு 1960இல் நண்பர்தான் நிமிரச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மாணவர்கள் கேட்டது ஒரு கோப்பை காப்பி. ட்ரூமனின் பேச்சை மன்னிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மாலையில் ஆதியின் கட்டுரை போய்விட்டது. இரண்டு கடிதங்களையும் போட்டிருக்கிறான்.

செப்டம்பர் 21, சனி

ஆய்வறை கிடையாது, அருங்காட்சியகம் உண்டு. கண்ணாடிக்குள் ஒரு பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் ஒரு சிறு கடிதமும். கொரியப் போரில் மகனை இழந்த கனெக்டிகட் மாநிலத்துத் தந்தை, அரசு தந்த பதக்கத்தைத் திருப்பி அனுப்பி எழுதியது. என் மகனின் சாவுக்கு நீங்களே நேரடிப் பொறுப்பு, இதை உங்கள் வெற்றிச்சின்னங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். உங்கள் மகளும் கொரியாவில் இருந்து அதே கதியை அடையவில்லையே என்பதுதான் எங்கள் பெரிய வருத்தம் என்று முடிகிறது.

மகளை ஏன் இழுத்தார் என்றால் அதற்கும் ஒரு கடிதம் இருக்கிறது. 1950 டிசம்பர் 5 அன்று மகள் மார்கரெட் வாஷிங்டனில் கச்சேரி செய்தார். அன்று மாலைதான் பள்ளித்தோழரும் பத்திரிகைச் செயலாளருமான சார்லி ராஸ் மேசையிலேயே இறந்துபோயிருந்தார். கொரியாவில் சீனப் படை இறங்கி அமெரிக்கத் துருப்புகள் செத்துக்கொண்டிருந்தன. மறுநாள் வாஷிங்டன் போஸ்டில் பால் ஹ்யூமின் கடுமையான இசை விமர்சனம். ட்ரூமன் கைப்பட எழுதி, தானே தபால்தலை ஒட்டி அனுப்பினார். உன்னைச் சந்தித்தால் உனக்குப் புது மூக்கு தேவைப்படும் என்ற ரகம். அது பத்திரிகையில் வந்ததும் நாடெங்கும் இருந்து தபால் குவிந்தது. பெற்ற பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியவர்கள் கேட்டார்கள்: உங்கள் மகளின் பாட்டுக்கு இவ்வளவு கோபமா?

தந்தையின் கடிதத்துக்குப் பதில் இல்லை. ட்ரூமன் இறந்த பிறகு, இந்தக் கட்டடத்திலிருந்த அவருடைய அலுவலக மேசை இழுப்பறையில் பதக்கத்தோடு கண்டெடுத்தார்கள். எழுத்தரிடம் கொடுத்துக் கோப்பில் சேர்த்திருக்கலாம், வீசியிருக்கலாம். கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார். பதில் சொல்ல முடியாத கடிதம் என்று ஒன்று உண்டு என்பதை அவர் புரிந்துகொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ட்ரூமன் குடும்பம் வாழ்ந்த, நார்த் டெலவேர் தெருவின் 219ஆம் எண் வீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ட்ரூமன் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் 1,300க்கு மேல் இருக்கின்றன. மனைவி எழுதியவற்றில் பெரும்பகுதியை அவரே கணப்பில் போட்டு எரித்துவிட்டார். வரலாற்றை நினைத்துப் பார் என்று கணவர் சொன்னதாகவும், நினைத்துத்தான் எரிக்கிறேன் என்று பெஸ் சொன்னதாகவும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

பெஸ்ஸின் உரிமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர் தேர்தலில் நின்றவரல்லர். ஆனால் 1911 ஜூனில் வந்த அந்தக் கடிதத்துக்கு, கறுப்பரையும் சீனரையும் இழித்த அந்த வரிக்கு, அவர் ஏதாவது சொன்னாரா என்பது இனி எவருக்கும் கிடைக்காது. நம்மிடம் இருப்பது ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும்.

செப்டம்பர் 23, திங்கள்

நகல்களைச் சரிபார்த்து முடித்தேன். நாளை ஊருக்குப் புறப்பட வேண்டும்.

இந்தக் குறிப்புகளைக் கட்டுரையாக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது தெளிவாக இருக்கிறது. ரஸ்ஸலுக்கு எழுதிய கடிதத்தைத் தனியே எடுத்துப் போட்டு ட்ரூமனைக் கருணையாளராக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேவர்ட்டுக்கு எழுதியதை மட்டும் போட்டு அரக்கனாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அரைச் சாட்சி. ஹிரோஷிமாவும் நாகசாகியும் பெருங்குற்றங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, இந்தக் கோப்புகள் அதை மாற்றவுமில்லை. அந்தக் குற்றத்தைச் செய்தவருக்கு மனச்சான்று இருந்தது, இருந்தும் செய்தார், செய்தபின் நிறுத்தினார், நிறுத்தியபின் நியாயப்படுத்தினார் என்பதைத்தான் காட்டியிருக்கின்றன.

தமிழில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஹிரோஷிமா கட்டுரை வெளியிடும் பத்திரிகை ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ட்ரூமனின் கடிதத்தைப் போடும்போது ரஸ்ஸலின் தந்தி, அதற்குப் பதில், கேவர்ட்டின் தந்தி, அதற்குப் பதில் என்று நான்கையும் தேதியோடு, வந்த வரிசையில் போடுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் நான்கு பக்கம் வராது.